74,500 ரூபா போச்சு: .22 றைபிளுக்கு ஸ்கோப் வாங்க இருப்பவர்கள் ஒருக்கா வாசியுங்கோ

74,500 ரூபா. முழுக் காசும் முன்கூட்டியே போட்டாயிற்று. கையில் மிச்சம் ஒரு கறுப்புக் குழாயும் தலை தேய்ந்த நாலு ஸ்க்ரூவும். இன்றோடு 23 நாள். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. புறக்கோட்டையில் மாடியில் ஒரு சின்ன அறை, ஒரு வாட்ஸ்அப் இலக்கம், ஒரு முகநூல் பக்கம், இவற்றை வைத்துக்கொண்டு கம்பிங் சாமான், பைனாகுலர், ஸ்கோப் எல்லாம் விற்கிற வகை. அந்த வகை கொழும்பில் ஒன்று இரண்டில்லை.

தெரியாதவர்களுக்காக ஒன்று: ஒலிம்பிக் றைபிள் போட்டிகளில் ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) கூடாது, டயொப்டர் (சின்னத் துளை வழியே குறி பார்ப்பது) தான். பிறகு ஏன் ஸ்கோப்? துவக்கு ரவை சோதிக்க. .22 இல் ஒரே கம்பனி, ஒரே பெட்டி நிறம் என்றாலும் லொட் (ஒரே தடவையில் செய்த தொகுதி) இலக்கம் மாறினால் குறூப் (ஓட்டைகள் விழும் பரப்பு) மாறும். டயொப்டரில் அது ரவையின் பிழையா கண்ணின் பிழையா என்று பிரிக்க ஏலாது. மணல்பையில் றைபிளை வைத்து, ஸ்கோப்பில் பார்த்து, லொட்டுக்கு ஐந்து ஐந்தாகச் சுட்டால் அரை நாளில் விடை வந்துவிடும். அதற்கு விலை கூடிய ஸ்கோப் தேவையில்லை. மூன்று விஷயம் சரியாக இருந்தால் போதும்: பரலக்ஸ் (தலை அசைந்தாலும் குறுக்குக்கோடு இலக்கில் ஓடாத தூரம்) 50 யார், அதாவது ஏறக்குறைய 46 மீற்றர், தூரத்துக்குச் செய்திருக்க வேண்டும், குமிழைத் திருப்பும்போது ஒவ்வொரு கிளிக்குக்கும் குறி சொன்ன அளவுக்கு நகர வேண்டும், நகர்ந்தது திரும்பி வர வேண்டும். 74,500 ரூபாவுக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட வரவில்லை.

ஏமாந்த இடம் எதுவென்று கேட்டால், கேள்விதான். போன் எடுத்ததும் விலை கதைக்கவில்லை ஆள். "டவ்டெயில் எத்தனை மில்லிமீற்றர் அண்ணை, 11 ஆ? இல்லாட்டி 21 ரெயிலா?" என்று கேட்டார். சரியான கேள்வி. .22 றைபிள்களில் பெரும்பாலும் உடலிலேயே வெட்டிய 11 மி.மீ. டவ்டெயில் தவாளிப்புத்தான், பெரிய துவக்குகளின் 21 மி.மீ. ரிங் (ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையம்) அதில் ஏறாது. அடுத்து "ரிம்ஃபயர் எண்டா 50 யார் பரலக்ஸ், 100 யார் வேண்டாம்" என்றார். அதுவும் சரி, .22 ரவை ரிம்ஃபயர் வகைதான். "துவக்கைக் கடைக்குக் கொண்டு வராதீங்கோ, அளவை மட்டும் அனுப்புங்கோ" என்றார். அது சரியிலும் சரி. துப்பாக்கி சுடும் கழகத்தின் றைபிள் சுடுதளத்தை விட்டு வெளியே வராது. மூன்று சரியான வசனம் சொன்ன ஆளிடம் நாலாவதைச் சோதிக்கத் தோன்றவில்லை. ஸ்கோப் 62,000, ரிங் 9,500, முறுக்கு அளக்கும் ஸ்க்ரூட்ரைவர் 3,000. மொத்தம் 74,500. காசு போனது கடைப் பெயரில் இல்லை, ஒரு தனியாளின் வங்கிக் கணக்குக்கு. அப்போதே மணி அடித்திருக்க வேண்டும்.

பெட்டியில் ஜப்பான் கம்பனி ஒன்றின் பெயர், மினுங்கும் ஹொலோகிராம். தொடர் இலக்கம் குழாயில் பொறிக்கப்படவில்லை, ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. நகத்தால் கீறினால் வருகிறது.

முதலில் ரிங். 11 மி.மீ. என்று கேட்டு உறுதி செய்த ஆள் அனுப்பியது 21 மி.மீ. ரிங்கும், அதற்குக் கீழே போட ஒரு அலுமினிய மாற்றுத் துண்டும். துண்டு போட்டால் ஸ்கோப் உயரும், கன்னம் துவக்குக் கட்டையை விட்டு எழும்பும், ஒவ்வொரு சூட்டுக்கும் தலை வேறு இடத்தில் நிற்கும். அதைவிட மோசம், துண்டின் தாடை டவ்டெயிலை முழுக்கப் பிடிக்கவில்லை, இரண்டு மூலையில் மட்டும் கடிக்கிறது. ரிங் மூடி ஸ்க்ரூவுக்கு 2 நியூட்டன் மீற்றருக்குள் போதும். அந்த 3,000 ரூபா ட்ரைவரோ எந்த அளவில் வைத்தாலும் ஒரே இடத்தில்தான் 'டிக்' என்கிறது. ஸ்க்ரூத் தலை நாலும் தேய்ந்தது அப்படித்தான்.

கழகத்தில் இருந்த பழைய 11 மி.மீ. ரிங்கை இரவல் வாங்கிப் பூட்டிய பிறகுதான் ஸ்கோப்பின் வண்டவாளம் தெரிந்தது.

பரலக்ஸ் பார்ப்பது சுலபம். ரவை இல்லை, போல்ட் திறந்திருக்கிறது, றைபிள் மணல்பையில். கையால் தொடாமல் 50 மீற்றர் இலக்கைப் பார்த்தபடி தலையை மட்டும் இடம் வலம் அசைக்க வேண்டும். குறுக்குக்கோடு இலக்கில் அப்படியே நிற்க வேண்டும். இது ஓடியது. 40 மி.மீ. முன்கண்ணாடியுள்ள ஸ்கோப்பை 100 யாருக்குச் செய்திருந்தால், 50 மீற்றரில் கோடு ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு 18 மி.மீ. அளவுக்கு ஓடலாம். இங்கேயும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 50 மீற்றர் இலக்கின் பத்தாம் வளையமே 10.4 மி.மீ. தான்! 100 யார் வேண்டாம் என்று பாடம் எடுத்தவர் அனுப்பியது 100 யார்.

பிறகு பெட்டிச் சோதனை. கால் எம்ஓஏ (ஒரு பாகையின் அறுபதில் ஒன்று ஒரு எம்ஓஏ) கிளிக் என்றால் 50 மீற்றரில் ஒரு கிளிக்குக்கு ஏறக்குறைய 3.6 மி.மீ., 20 கிளிக்குக்கு 73. ஒரே புள்ளியைக் குறி பார்த்துச் சுட்டுவிட்டு 20 வலம், 20 மேல், 20 இடம், 20 கீழ் என்று சுற்றி வந்தால் கடைசிக் குறூப் முதல் ஓட்டைகளின் மேல் விழ வேண்டும். வலம் போனது 58, மேலே போனது 41. திரும்பி வந்த குறூப் முதல் இடத்திலிருந்து 22 மி.மீ. தள்ளி. இன்னொன்று: டரட்டை (அந்தக் குமிழை) திருப்பிய உடன் சுட்ட இரண்டு ரவை பழைய இடத்திலேயே விழுந்தது, மூன்றாவது திடீரென்று பாய்ந்தது. உள்ளே இருக்கும் உள்குழாயை எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளும் ஸ்பிரிங் சோர்ந்திருந்தால் இப்படித்தான், துவக்கின் அதிர்வு பட்டால்தான் அசையும். இந்த ஸ்கோப்பில் சீரோ (குறி பார்த்த இடத்திலேயே ரவை விழச் சரிசெய்வது) பிடிக்கப் போனால் ஒரு பெட்டி ரவை காலி. ரவை விற்கிற விலையில் அந்த வயிற்றெரிச்சல் தனி.

அதே றைபிள், அதே லொட், கழக ஸ்கோப் ஒன்றை மாற்றிப் போட்டு ஐந்து ரவை: 16 மி.மீ. குறூப். இந்த 62,000 ரூபாச் சாமானில் 55. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இனி மழுப்பல்கள். முதல் நாள்: "ரவை சரியில்லை அண்ணை, வேற பிராண்ட் போட்டுப் பாருங்கோ." இலக்குத்தாள் படம் அனுப்பியதும்: "குழல் தேஞ்சிருக்கும்." 16 மி.மீ. படம் அனுப்பியதும்: "நீங்கள் ஓவரா இறுக்கிப்போட்டீங்கள், குழாய் நெளிஞ்சிட்டுது." குழாயில் ரிங் தடமே இல்லை என்று கிட்டத்தில் எடுத்த படம் போனது. "இம்போர்ட்டரிட்டக் கேட்டுச் சொல்லுறன், திங்கள் எடுங்கோ." திங்கள் எடுத்தால் ஒரு பெண்பிள்ளை, "சேர் வெளியில" என்று சிங்களத்தில் சொல்லி வைத்துவிட்டார். அடுத்த திங்களும் சேர் வெளியில். நேரே போனால் அறை பூட்டு, பக்கத்துக் கடைக்காரர் சிரிக்கிறார். அதன் பிறகு நீல டிக் மட்டும். 74,500 ரூபாவுக்கு இரண்டு நீல டிக்.

வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று விபரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதும் நிலையில் இல்லை. அவசரத்துக்கு இவ்வளவும்:

கடையில் வைத்தே ஸ்கோப்பை அசையாத இடத்தில் அண்டக் கொடுத்து, தூரக் கட்டடம் ஒன்றின் மூலையில் கோட்டை வைத்து, 20 கிளிக் போய்த் திரும்பப் பாருங்கள். மூலைக்கு வராவிட்டால் எழும்பி வாருங்கள். உருப்பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும்போது கோடு இடம் மாறினாலும் அதே கதைதான்.

ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்ததும் கண்ணாடி மூசும். துணியால் துடைத்துப் போனால் பிரச்சினையில்லை, கொழும்புக் காற்று அப்படி. துடைத்தும் போகாவிட்டால் மூசியது உள்ளே. உள்ளே மூசாமல் இருக்க நைட்ரஜன் அடைத்தது என்பது பொய்.

"தொழிற்சாலையிலேயே சீரோ செய்தது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். றைபிளில் பூட்டாமல் சீரோ ஏது?

பில்லில் சாமானின் மாதிரிப் பெயர், தொடர் இலக்கம், உத்தரவாதக் காலம் மூன்றும் எழுதாமல் காசு போட வேண்டாம், அதுவும் தனியாள் கணக்குக்குப் போடவே வேண்டாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்கப் போகிறேன். அவர்கள் பில்லைக் கேட்பார்கள். என்னிடம் உள்ள பில்லில் இருப்பது இவ்வளவுதான்: "ஸ்கோப் 1, ஐட்டம் 2, 74,500/-". கையெழுத்துக்கூட விளங்கவில்லை.