பழைய விதையை முளைக்க வைக்க: தண்ணீர்க் கிண்ணமா, ஈரத்துணியா, நேரே மண்ணா?

ஆடி பிறக்கும் முன்னால் வீட்டிலுள்ள விதைப் பொட்டலங்களை எல்லாம் பிரித்துப் பரப்பினேன். பெரியம்மா 2020-ல் கொடுத்த குண்டுச் சுரை, விதைத் திருவிழாவில் மாற்றிக்கொண்டு வந்த கோழி அவரை, தபாலில் வந்த பச்சைக் கத்தரி, ஆண்டே எழுதாத வெங்காய விதை. எதில் உயிர் இருக்கிறதென்று தெரியாமல் தொட்டியில் போட்டுவிட்டு இரண்டு வாரம் காத்திருந்தால் விதைக்கும் பட்டம் தப்பிவிடும்.

பலரும் முதலில் எடுப்பது தண்ணீர்க் கிண்ணத்தைத்தான். மூழ்கினால் நல்லது, மிதந்தால் சொத்தை என்பார்கள். நெல்லுக்கு இது சரி. உப்புக் கரைசலில் போட்டுப் பதரை நீக்குவது கைகண்ட முறை. சுரைக்கும் பாகலுக்கும் பொருந்தாது. தோலுக்கும் பருப்புக்கும் நடுவில் காற்று நிற்பதால் நல்ல விதையும் மிதக்கும். செத்த விதையும் மூழ்கும். போன ஆண்டு மிதந்த ஏழு சுரை விதைகளை எறிய மனமில்லாமல் தொட்டி ஓரத்தில் ஊன்றினேன், நான்கு முளைத்தன. அதோடு கிண்ணத்தை நம்புவதை விட்டேன்.

என் ஓட்டு ஈரத்துணிக்குத்தான். பழைய வேட்டித் துண்டை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, பத்து விதைகளை இடைவெளி விட்டு அடுக்கிச் சுருட்டுவேன். மூடி போட்ட டப்பாவில் வைத்து ஃபிரிட்ஜ் மேலே வைத்தால் அந்த இளஞ்சூடு போதும். தினமும் ஒருமுறை பிரித்துக் காற்றாட விடவேண்டும். புது விதை ஐந்தாறு நாளில் முளைத்தால் பழையது அதைப்போல இரண்டு மடங்கு நாள் எடுக்கும், அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். அழுத்தினால் கொழகொழவென்று நசுங்குவதை மட்டும் உடனே எடுத்துவிடுங்கள், பூஞ்சணம் பக்கத்து விதைக்கும் பரவும். வேர் இழைக்குள் புகுந்திருந்தால் இழுக்கவேண்டாம். துணியோடு கத்தரித்து நடலாம். பத்தில் ஆறு முளைத்தால் குழிக்கு இரண்டு விதை, மூன்றுதான் என்றால் நான்கு. இந்தக் கணக்கு வேறெந்த முறையிலும் கிடைக்காது.

பாகல் தோல் கெட்டி. நகவெட்டியால் கூர்முனையை லேசாகக் கிள்ளிவிட்டு ஆறு மணி நேரம் ஊறவைத்த பிறகு துணியில் சுருட்டுவேன். பழைய அவரை, தட்டைப்பயறுக்கு நேர்மாறு. காய்ந்து கிடந்த பருப்பு ஒரேயடியாகத் தண்ணீரை இழுத்தால் உள்ளே வெடித்துவிடும். அதற்கு ஊறலே கூடாது, மெல்லிய ஈரம்தான்.

நேரே மண்ணில் போடுவது கீரைக்கும் புதிய வெண்டைக்கும் சரி. பழையதை அப்படிப் போட்டால், முளைக்காதது விதையாலா எறும்பாலா என்றே தெரியாது.

விதை எங்கிருந்து வாங்குவது என்பதிலும், எதில் உயிர் இருக்கிறது என்ற இதே கேள்விதான். கடைப் பாக்கெட்டில் சோதித்த தேதியும் காலாவதித் தேதியும் இருக்கும். சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத் திறன் கத்தரிக்கு 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. ஆனால் அது வீரிய ஒட்டு ரகமாக இருந்தால், அதிலிருந்து எடுக்கும் விதை தாயைப் போல வராது. கைமாற்றில் வரும் நாட்டு விதையில் பாக்கெட்டும் இல்லை, தேதியும் இல்லை. ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் 2 கிலோ வாங்கினால் அடுத்த ஆண்டு 4 கிலோ திருப்பித் தரவேண்டும் என்று பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் வைத்த வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். திருப்பித் தருவதற்காகவாவது விதைத்தே ஆகவேண்டும், விதை பழசாக வழியில்லை.

நேரில் மாற்றினால் கொடுப்பவரிடம் இரண்டு கேள்வி கேட்கலாம்: எந்த ஆண்டு எடுத்தது, பக்கத்தில் வேறு ரகம் இருந்ததா? தக்காளி, அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை, அதிகம் கலக்காது. சுரை, பீர்க்கு, பூசணிக்குத் தேனீ போதும், அடுத்த தோட்டத்து ரகம் வந்து சேர்ந்துவிடும். தபாலில் இதையெல்லாம் கேட்க வாய்ப்பு குறைவு. ஐப்பசி மழையில் உறை ஈரமானால் விதையும் போச்சு. பொட்டலத்தில் ஆண்டு எழுதாதவரிடம் நான் இப்போது மாற்றிக்கொள்வதில்லை.

வெங்காயத்தைத் துணியில் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. நம் வெக்கையில் அது ஒரு வருடம் தாங்கினாலே பெரிது. கத்தரி பத்துக்கு ஏழு. பெரியம்மாவின் சுரை ஒன்பதாம் நாள் காலையில் தோல் பிளந்து வெள்ளை வேர் நீட்டியிருந்தது, பத்தில் ஐந்து. இந்த முறை காய்த்தால் ஒன்றை முற்றவிட்டு விதை எடுத்து, பொட்டலத்தில் ஆண்டை எழுதி பெரியம்மாவுக்கே முதலில் அனுப்பவேண்டும். அவரிடம் இப்போது அந்த விதை இல்லை.