கீழடியா, ஆதிச்சநல்லூரா: காசு எந்த ஊரில் தங்கும்?

தொல்லியலை வைத்து ஒரு கிராமம் நாலு காசு பார்க்க நினைத்தால், நம் கண்முன்னே இரண்டு மாதிரிகள் இருக்கின்றன. கிடைத்த பொருள்களை எடுத்துப் பக்கத்திலேயே பெரிய அருங்காட்சியகம் கட்டி வைத்தது கீழடி. தோண்டிய குழியை அப்படியே விட்டு, மேலே கண்ணாடி பதித்துக் காட்டுகிறது தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூர். முதலாவது மாநில அரசின் வேலை, அடுத்தது மத்தியத் தொல்லியல் துறையின் வேலை.

கூட்டம் என்று பார்த்தால் கீழடிக்கு இருக்கும் வசதி வேறு எந்த ஊருக்கும் வராது. மதுரையிலிருந்து அரை மணி நேரப் பயணம். சுமார் 18 கோடி ரூபாயில், செட்டிநாட்டு வீடு போலத் தூணும் முற்றமுமாகக் கட்டி 2023 மார்ச்சில் திறந்தார்கள். ஆனால் அந்த அரை மணி நேரம்தான் சிக்கலும். காலையில் மீனாட்சியம்மன் கோயில், அப்புறம் கீழடி, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்ப மதுரை. ஊருக்கு மிஞ்சுவது இளநீர் விற்ற காசு. தோண்டியதும் பெரும்பாலும் தனியார் தென்னந்தோப்புகளில். குழிகள் பலவற்றை மூடியாயிற்று. கண்ணாடிப் பெட்டிக்குள் கறுப்பு சிவப்புப் பானையைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு வாங்கிப் போக ஒரு மண்சட்டி வேண்டாமா? அதே வைகைக்கரையில், அதே ராமேஸ்வரம் சாலையில், கடம் செய்கிற மானாமதுரை இருக்கிறது. அங்கிருந்து ஒரு குயவரைச் சக்கரத்தோடு கூட்டி வந்து கீழடியில் உட்கார வையுங்கள். தன் பிள்ளை கை வைத்துச் சுற்றிய சட்டியை வாங்காமல் எந்த அப்பா கிளம்புவார்?

ஆதிச்சநல்லூரின் கதை பழையது. 1876இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. பின்னால் தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. ஊரை விட்டுப் போன பொருளால் ஊருக்கு என்ன வருமானம்? அதனால்தான் 2023 ஆகஸ்டில் திறந்த அந்தக் கண்ணாடித் தளம் எனக்குப் பிடிக்கிறது. காலுக்குக் கீழே, புதைத்த இடத்திலேயே, இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகள். குனிந்து பார்க்கும்போது பேச்சு நின்றுவிடும். இதைப் பார்க்க வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும். எந்த நகரத்துக்கும் தூக்கிப் போக முடியாது.

சரி, ஆள் வருமா? திருநெல்வேலி-திருச்செந்தூர் சாலையில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. திருச்செந்தூர் போகிறவர்கள் தரிசனத்தை நினைத்துக்கொண்டு நிற்காமல் போய்விடுவார்கள்; அவர்களை நம்பிப் பயனில்லை. நான் நம்புவது நவதிருப்பதிக்கு, அதாவது இந்தப் பக்கத்து ஒன்பது பெருமாள் கோயில்களுக்கு, வருகிறவர்களை. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி எல்லாம் பக்கத்திலேயே. அங்கே சில கோயில்களில் மதியம் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். அதுவரை வேனை மரத்தடியில் நிறுத்திவிட்டு, எங்கே போவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது கூட்டம்.

அந்த மூன்று நான்கு மணி நேரம் கீழடிக்குக் கிடைக்காது. ஆதிச்சநல்லூரில் செய்ய வேண்டியது, குழிக்குப் பக்கத்தில் ஊர்ப் பெண்கள் நடத்தும் ஒரு சாப்பாட்டுக் கடை, கருப்பட்டி விற்க ஒரு மேசை, அப்புறம் நவதிருப்பதிக் கோயில் வாசல்களில் வழி காட்டும் ஒரு பலகை.