பெங்களூரா, புதுச்சேரியா, மார்கழிச் சென்னையா? இரண்டு நாள் சாப்பாட்டுக்கும் குடிக்கும் பாட்டுக்கும் எந்த ஊர்?

வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு வீடு திரும்ப வேண்டும். இடையில் நல்ல சாப்பாடு, அளவாகக் குடி, காது நிறையப் பாட்டு. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு எட்டுகிற தூரத்தில் இதற்குப் போட்டியில் நிற்பவை மூன்று ஊர்கள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்ப்பது வீண் வேலை. சனிக்கிழமை மாலை ஆறு முதல் பதினொன்று வரை எங்கே உட்காரப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஊர் தானாக முடிவாகிவிடும்.

பாட்டு: நாட்காட்டியைப் பார்த்துத்தான்

டிசம்பர் 15 முதல் ஜனவரி 1 வரை என்றால் பேச்சே இல்லை, சென்னைதான். மியூசிக் அகாடமி, நாரத கான சபா, கிருஷ்ண கான சபா, பார்த்தசாரதி சபா என்று ஒரே நாளில் பத்துப் பதினைந்து இடங்களில் கச்சேரி நடக்கும். புதிதாக வருகிறவர்கள் பெரிய பெயரின் மாலைக் கச்சேரியை மட்டும் குறிவைத்து ஏமாறுகிறார்கள். அந்த டிக்கெட் சீக்கிரமே தீர்ந்துவிடும். பல சபாக்களில் காலை, நண்பகல் கச்சேரிகளுக்குக் கட்டணம் கிடையாது. வளரும் பாடகர்கள் உயிரைக் கொடுத்துப் பாடுவதும் அந்த நேரத்தில்தான். ஒரு நாளைக்கு இரண்டு கச்சேரி போதும். மூன்றாவதில் காது மரத்துப்போகும். தனி ஆவர்த்தனத்தின்போது (மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) எழுந்து கேன்டீனுக்கு ஓடும் கூட்டத்தில் நீங்களும் ஒருவராகிவிடுவீர்கள். மயிலாப்பூரில் தங்கினால் விடியற்காலையில் மாடவீதி பஜனையையும் கேட்கலாம். பாபநாசம் சிவன் முன்னின்று நடத்திய வழக்கம் அது.

மார்கழி தாண்டிவிட்டால் கச்சேரிக்கென்று வெளியூரிலிருந்து சென்னை வருவதற்குப் பெரிய காரணம் இல்லை. அப்போது பெங்களூரு முந்துகிறது. சாமராஜபேட்டையில் 1939 முதல் நடக்கும் ஸ்ரீராமசேவா மண்டலியின் ராமநவமி விழா, ஒரு மாதத்துக்கும் மேலாக நீளும் கோடைக்காலக் கச்சேரித் தொடர். மல்லேஸ்வரம் பக்கம், வயலின் வடிவத்தில் கட்டிய சௌடய்யா அரங்கம் இருக்கிறது. ஜாஸ் பிடித்தவர்களுக்கு வைட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ். பீரைச் சொந்தமாக வடிக்கும் இடத்துக்குள்ளேயே அரங்கம். டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டும். பகலில் நேரம் இருந்தால் ஜே.பி. நகரில் இந்தியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ் அருங்காட்சியகம். திங்கள் விடுமுறை, வார இறுதிக்குத் தடையில்லை.

பாட்டைப் பொறுத்தவரை புதுச்சேரிக்கு ஒரே ஒரு நாள்தான் தனிச்சிறப்பு: ஜூன் 21ஐ ஒட்டி வரும் ஃபெத் தெ லா மியூசிக். 1982இல் பிரான்ஸில் தொடங்கிய தெருவிசை விழா இது. மற்ற வார இறுதிகளில் ஹோட்டல் மொட்டைமாடியில் பழைய ஆங்கிலப் பாட்டு பாடும் பேண்ட் கிடைக்கும். அதற்காக மெனக்கெட்டுப் போக வேண்டியதில்லை.

சாப்பாடு: கடை திறக்கும் நேரத்தில்தான் எல்லாம்

இங்கே பெங்களூருக்கு ஈடில்லை. ஆனால் கடை விடுமுறை தெரியாமல் போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்க நேரும். சங்கரபுரம் பிராமின்ஸ் காபி பாருக்கு ஞாயிறு விடுமுறை. எனவே சனிக்கிழமை காலையே போய்விட வேண்டும். இட்லி, வடை, சட்னி, காபிதான் பிரதானம். சாம்பாரே கிடையாது, சட்னியைத்தான் மேலே மேலே ஊற்றுவார்கள். அங்கிருந்து ஆட்டோவில் சில நிமிடம் போனால் காந்தி பஜார் வித்யார்த்தி பவன், 1943 முதல் இருக்கும் கடை. வெள்ளி விடுமுறை. வெளியே கருஞ்சிவப்பாக மொறுமொறுவென்றும் உள்ளே பஞ்சு போலவும் இருக்கும் மசால் தோசை; பரிமாறுபவர் அடுக்கடுக்காகத் தட்டுகளை ஒரே கையில் ஏற்றிக்கொண்டு வருவதே தனி வேடிக்கை. மல்லேஸ்வரம் சி.டி.ஆரில் வெண்ணெய் வழியும் பென்னே மசாலா தோசை. பின்னே சொன்ன இரண்டு கடைகளும் நண்பகலில் சில மணி நேரம் அடைத்திருக்கும். பன்னிரண்டரைக்குப் போய் நின்று பயனில்லை.

லால்பாக் சாலை எம்.டி.ஆர். 1924இல் தொடங்கியது. ரவா இட்லி பிறந்த கதையை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்: இரண்டாம் உலகப் போரில் அரிசி தட்டுப்பாடு வந்தபோது ரவையில் முயன்று பார்த்ததாம். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் வரை காத்திருக்கத் தயாராகப் போங்கள். அசைவக்காரர்களுக்கு ‘மிலிட்டரி ஹோட்டல்’ என்ற பெயர்ப்பலகை போதும். அங்கே தொன்னையில் வரும் பிரியாணி நம் சீரகச் சம்பாவில் செய்வது. திண்டுக்கல் ருசிக்குப் பழகியவர்கள் பச்சை மசாலா வாசனை தூக்கலாக இருக்கிறதே என்பார்கள். இரண்டாவது கவளத்தில் சரியாகிவிடும். ஒரே குறை சாம்பார். பல கடைகளில் வெல்லம் தட்டும், சட்னியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மார்கழிச் சென்னையில் சாப்பாடு என்றால் சபா கேன்டீன். கச்சேரி டிக்கெட் இல்லாமலும் உள்ளே போய்ச் சாப்பிடலாம் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டு கச்சேரிகளுக்கு நடுவே, மாலை ஆறு மணி வாக்கில் நுழைந்தால் நிற்கக்கூட இடம் இருக்காது. ஐந்து மணிக்கே அடை அவியலை முடித்துவிடுங்கள். போன வருடம் நன்றாக இருந்த கேன்டீன் இந்த வருடமும் அப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம். சமையல் ஒப்பந்தக்காரர் மாறினால் ருசியும் மாறும்.

புதுச்சேரியில் கடற்கரைச் சாலை லெ கஃபே இரவு பகலாகத் திறந்திருக்கும். அங்கே காசு காட்சிக்குத்தான், காபிக்கு அல்ல. க்ரோசான் சாப்பிட வேண்டுமானால் காலையிலேயே பேக்கரிக்குப் போங்கள். கடல் காற்றின் ஈரத்தில் மதியத்துக்குள் மொறுமொறுப்பு போய் ரப்பராகிவிடும். சைகோனிலிருந்து திரும்பிய குடும்பங்கள் கொண்டுவந்த வியட்நாமியச் சமையல் சில இடங்களில் கிடைக்கிறது. மற்ற ஊர்களில் கிடைக்காதது அதுதான்.

குடி: சட்டத்தையும் திரும்பும் வழியையும் சேர்த்து யோசியுங்கள்

விலைதான் முக்கியம் என்றால் புதுச்சேரி. வயது வரம்பு 18. தமிழ்நாட்டில் 21, பெங்களூரு பப்களிலும் 21 என்றே கேட்பார்கள். சிக்கல் எல்லையில்தான். புதுச்சேரி பாட்டிலைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். செரினிட்டி பீச் இருக்கும் கோட்டக்குப்பமும் ஆரோவில்லின் பெரும்பகுதியும் விழுப்புரம் மாவட்டம். புதுச்சேரி ஒயிட் டவுனில் வாங்கி ஆரோவில் அறைக்கு எடுத்துப் போனாலே எல்லை தாண்டியாயிற்று. வாங்கியதை அந்த ஊரிலேயே முடித்துவிட்டு, நடந்து போகும் தூரத்தில் அறை எடுங்கள். போதையில் வண்டி ஓட்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே போதும்.

ருசி முக்கியம் என்றால் பெங்களூரு. இந்திராநகரில் 2010இல் தொடங்கிய, சொந்தமாக பீர் வடிக்கும் டோயிட் பப்பில் பாஸ்மதி அரிசி சேர்த்து வடித்த பீர்கூட உண்டு. இப்படிப்பட்ட இடங்களில் முழு கிளாஸ் வாங்குவதற்கு முன் சின்னச் சின்ன கிளாஸ்களில் வரும் சாம்ப்ளரைக் கேளுங்கள். கோதுமை பீரில் வரும் வாழைப்பழ, லவங்க வாசனைக்குக் காரணம் ஈஸ்ட். பழமோ மசாலாவோ சேர்ப்பதில்லை. பெல்ஜியன் டிரிபெல் வகை பீர்களில் ஆல்கஹால் 8, 9 சதவீதம் வரை போகும். வழக்கமான 5 சதவீத பீர் கணக்கில் குடித்தால் தலை சுற்றும்.

பப்கள் ஒரு மணி வரை, மெட்ரோ ஏறக்குறைய பதினொன்று வரை. இந்த இரண்டு மணி நேர இடைவெளியில்தான் கேப் கட்டணம் எகிறுகிறது. இந்திராநகரிலோ எம்.ஜி. ரோட்டிலோ தங்கினால் இந்தத் தலைவலி இல்லை. வைட்ஃபீல்டில் ஜாஸ் கேட்டுவிட்டு பசவனகுடியில் படுப்பதென்றால் ஊரின் ஒரு கோடியிலிருந்து அடுத்த கோடிக்கு ஓட வேண்டும்.

சென்னையில் டாஸ்மாக் இரவு பத்து வரை. பிறகு ஓட்டல் பார்தான். மார்கழியில் போகிறவர்களுக்கு ஃபில்டர் காபியே போதும், மயிலாப்பூர் மாடவீதியில் ஒரு ரோஸ் மில்க்கோடு.

போகும் வழி

சென்னையிலிருந்து பெங்களூருக்குக் காலை வந்தே பாரத்தில் போனால் பத்து மணி வாக்கில் இறங்குவீர்கள். தோசைக் கடையின் நல்ல நேரம் அப்போது முடியும் தறுவாயில் இருக்கும். சாப்பாட்டுக்குப் போகிறவர்களுக்கு வெள்ளி இரவு ரயிலே தோது. பிருந்தாவன், லால்பாக் ரயில்களில் போனால் கிருஷ்ணராஜபுரத்திலேயே இறங்கி மெட்ரோ பிடித்து இந்திராநகர் போய்விடலாம்; ஊர் நடுவே இருக்கும் மெஜஸ்டிக் வரை போக வேண்டாம். ஞாயிறு திரும்பும் டிக்கெட்டை முன்பதிவு திறக்கும் 60 நாள் முன்பே எடுத்துவிடுங்கள். தவறினால் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஏசி தத்கல். தோசை வரிசையில் நின்றபடி கைபேசியில் முயல வேண்டியிருக்கும்.

புதுச்சேரிக்குச் சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் சுமார் 150 கிலோமீட்டர். சனி காலை ஏழு மணிக்குள் திருவான்மியூரைத் தாண்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மாமல்லபுரம் வரை ஊர்ந்துதான் போக வேண்டும்.