சி5 இசட்06, சி6 இசட்06, வைப்பர்: வாங்கிய பிறகு எதைக் கட்டி மேய்ப்பது சுலபம்?

அமெரிக்காவில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடிக் கிளம்புகிறவர்கள் பலரும் இந்த மூன்று பெயரில்தான் வந்து நிற்கிறார்கள். 2001 முதல் 2004 வரை வந்த செவர்லே கார்வெட் சி5 இசட்06, 2006 முதல் 2013 வரை வந்த சி6 இசட்06, அப்புறம் டாட்ஜ் வைப்பர். சி5, சி6 என்பவை கார்வெட்டின் ஐந்தாம், ஆறாம் தலைமுறை; இசட்06 என்பது அவற்றின் அதிவேக ரகம். வேகத்தை மட்டும் பார்த்தால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். சி5-க்கு 405 குதிரைத்திறன் (2001 மாடலுக்கு மட்டும் 385), சி6-க்கு 505, 2008-இல் வந்த வைப்பருக்கு 600. ஆனால் சனிக்கிழமை காலையில் கராஜ் தரையில் மல்லாந்து படுத்துத் தானே வேலை பார்க்கப் போகிறவருக்கு இந்தக் கணக்கு போதாது. இந்தக் கார் எங்கே கெடும், கெடுவதற்கு முன் ஏதாவது சொல்லுமா, சொன்னால் நம் கையால் சரிசெய்ய முடியுமா? இதைத்தான் அவர் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் என் ஓட்டு சி5-க்கு. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இரண்டு கார்வெட்டுக்கும் பொதுவான ஒன்று. இவற்றில் கியர்பாக்ஸ் இன்ஜினோடு ஒட்டி இருக்காது, பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும். இரண்டையும் இணைப்பது டார்க் டியூப் என்கிற நீளக் குழாய். எடை முன்னும் பின்னும் சமமாகப் பிரிவதால் வளைவுகளில் கார் அழகாகத் திரும்பும். அதற்கான விலையைக் கிளட்ச் மாற்றும் நாளில் கொடுப்போம். பின்பக்கச் சட்டம், கியர்பாக்ஸ், டார்க் டியூப் எல்லாவற்றையும் இறக்கினால்தான் கிளட்சே கண்ணில் படும். அதனால் ஒருமுறை இறக்கினால் குழாய்க்குள் இருக்கும் ரப்பர் கப்ளர்களையும் பேரிங்குகளையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள். மறுபடி இறக்க யாருக்கும் மனசு வராது.

கிளட்சின் ஆயுளை நீட்ட ஒரு சின்ன வேலை உண்டு. பானெட்டைத் திறந்து கிளட்ச் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றுங்கள். கைக்குள் அடங்கும் சிறு டப்பாதான். உள்ளே தேன் நிறத்தில் இருக்க வேண்டியது பெரும்பாலும் மைபோலக் கறுத்திருக்கும், கிளட்ச் தூசி கலந்து. ஒரு சிரிஞ்சால் அதை உறிஞ்சி எடுத்து, புதிய ஆயில் ஊற்றி, மூடியைப் போட்டு, பெடலை இருபது முப்பது தடவை அழுத்துங்கள். திறந்தால் மறுபடி கலங்கியிருக்கும். தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டால், இன்ஜின் உச்ச வேகத்தில் சுற்றும்போது பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டு மேலே வராமல் நிற்கும் தொல்லை வரலாம்.

ஜாக்கி வைப்பதிலும் கவனம் வேண்டும். வழக்கமான காருக்கு வைப்பதுபோல ஓரத்தில் வைத்துத் தூக்கினால் பக்கவாட்டு பாடி நொறுங்கும். சட்டத்தில் உள்ள துளைகளில் மாட்டிக்கொள்ளும் வட்டக் கட்டைகள் விற்கிறார்கள். கார் வாங்கிய அன்றே ஒரு செட் வாங்கிவிடுங்கள்.

இனி இன்ஜின். இரண்டு காரும் பிரிந்து போகிற இடம் இதுதான்.

சி5-இல் இருப்பது 5.7 லிட்டர் எல்எஸ்6. இதன் பலவீனங்கள் ஊரறிந்தவை. முன்னால் இருக்கும் ஹார்மோனிக் பேலன்சரில், அதாவது இன்ஜின் அதிர்வை அடக்கும் புல்லியில், ரப்பர் தளர்ந்து, புல்லி தள்ளாடத் தொடங்கும். இன்ஜின் ஓடும்போது டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும், பெல்ட்டும் கீச்சிடும். மாற்றுவதற்கு ஸ்டியரிங் ரேக்கை நகர்த்த வேண்டியிருக்கும், பொறுமை வேண்டும், ஆனால் வீட்டிலேயே முடிகிற வேலை. நடு போல்ட்டை மட்டும் பழையதையே திரும்பப் போடாதீர்கள், அது ஒருமுறைக்குத்தான். இன்னொன்று வால்வ் ஸ்பிரிங். இந்த மாடல்களில் ஸ்பிரிங் உடைவது கேள்விப்படாத சங்கதி இல்லை. உடைந்தால் வால்வ் பிஸ்டனில் இடிக்கவும் வாய்ப்புண்டு, அதனால் அலட்சியம் கூடாது. ஆனால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமலே எட்டு சிலிண்டருக்கும் புது ஸ்பிரிங் போட்டுவிடலாம். பிளக் ஓட்டை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். முன்கூட்டியே மாற்றிவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது.

சி6-இன் எல்எஸ்7 வேறு ரகம். ஏழு லிட்டர், டைட்டானியம் கனெக்டிங் ராட், டைட்டானியம் இன்டேக் வால்வ், சோடியம் நிரப்பிய எக்ஸாஸ்ட் வால்வ். மிச்சிகனின் விக்சம் நகரில் கையால் கோத்த இன்ஜின். 7,000 ஆர்பிஎம் வரை அது ஏறுகிற விதத்தைக் கேட்டவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள், நானும்தான். எண்ணெய்க்கு டிரை சம்ப் முறை, தனித் தொட்டி. எண்ணெய் அளவு பார்க்க ஒரு முறை இருக்கிறது: இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு நிறுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து அளவுக்கோலை எடுக்க வேண்டும். காலையில் குளிர்ந்த இன்ஜினில் பார்த்தால் தொட்டியிலிருந்து எண்ணெய் கீழே இறங்கியிருக்கும். குறைவென்று நினைத்து ஊற்றி, அளவு மீறிவிடும். இதெல்லாம் பழகிவிடும்.

பழக முடியாதது வால்வ் கைடு, அதாவது வால்வ் தண்டை நேராகப் பிடித்திருக்கும் சிறு குழாய். எல்எஸ்7-இல் எக்ஸாஸ்ட் பக்கத்துக் கைடுகள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தேய்வது பல கார்களில் தெரியவந்த குறை. கைடு தேய்ந்தால் வால்வ் நேராக இறங்காமல் ஆடிக்கொண்டே இறங்கும். ஒருநாள் வால்வின் தலை முறிந்து சிலிண்டருக்குள் விழும். பிஸ்டன், ஹெட், சில சமயம் பிளாக் வரை போய்விடும். அதற்கு முன் எச்சரிக்கை விளக்கோ சத்தமோ இருக்கும் என்று நம்ப முடியாது. உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஸ்பிரிங்கைக் கழற்றி, வால்வ் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டி, டயல் கேஜில் அளக்க வேண்டும். தேய்ந்திருந்தால் ஹெட்டுகள் இறங்கி லேத் பட்டறைக்குப் போக வேண்டும். வெண்கலக் கைடு போடுகிறவர்கள் பலர். எந்த வால்வோடு எந்தக் கைடு சேரும் என்பதில் மெக்கானிக்குகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. எப்படிப் பார்த்தாலும் சில ஆயிரம் டாலர். ஒன்று உறுதி: இது வீட்டில் முடிகிற வேலை இல்லை.

மின்சாரப் பக்கம் வந்தால் சி5-க்கு ஒரு பெரிய சௌகரியம். ஸ்கேனரே வேண்டாம். சாவியைத் திருப்பி, ஆப்ஷன்ஸ் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஃபியூவல் பொத்தானை நான்கு முறை தட்டினால், கார் தன் கோளாறுக் குறிகளை டேஷ்போர்டிலேயே ஒவ்வொன்றாகக் காட்டும். கடைசியில் சி என்று இருந்தால் இப்போது இருக்கும் கோளாறு, எச் என்றால் வந்து போனது. சி1214 என்று வந்தால் மட்டும் வயிற்றைக் கலக்கும். ஏபிஎஸ் கட்டுப்பாட்டுப் பெட்டி போயிருக்கலாம். 2001 முதல் வந்த கார்களுக்கு அது புதிதாகக் கிடைப்பதில்லை, பழைய உதிரிபாகக் கடைகளில் தேட வேண்டும். சாதாரண பிரேக் வேலை செய்யும், ஆனால் ஏபிஎஸ்ஸும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் இருக்காது. சி5-இன் உண்மையான பலவீனம் என்று இதைத்தான் சொல்வேன். பேட்டரி கசிந்தால் கீழே உள்ள இன்ஜின் கம்ப்யூட்டரின் ஒயர்களில் அமிலம் சொட்டும் என்பதால், கசியாத ஏஜிஎம் பேட்டரி போடுவது நல்லது.

சி6-இல் பிரேக்கும் டயரும் செலவு வைக்கும். பிரேக் பேடை அழுத்தும் முன்பக்க காலிப்பரில் ஆறு பிஸ்டனுக்கும் தனித்தனி பேட். பலர் ஒரே துண்டு பேட் போடும் காலிப்பருக்கு மாறிவிடுகிறார்கள். பின் டயர் 325 மில்லிமீட்டர் அகலம், சி5-இல் 295.

வைப்பரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பானெட் முழுதும் முன்னோக்கித் திறக்கும், பத்து சிலிண்டர் இன்ஜின் மொத்தமாக நம் முன்னால் நிற்கும். கை வைக்க இதைவிட வசதியான கார் இந்த மூன்றில் இல்லை. சிக்கல் உதிரி பாகம். டெட்ராய்ட்டின் கானர் அவென்யூ தொழிற்சாலை 2017-இல் மூடப்பட்டது, தயாரான கார்களும் குறைவு. பாடியில் அடி விழுந்தால் பாகத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்கத் தயாராக வேண்டும். கார்வெட்டோ தயாரிப்பில் தொடர்கிறது, அதன் இன்ஜின் குடும்பம் பிக்கப் லாரிகளிலும் ஓடுகிறது. சென்சாரும் இக்னிஷன் காயிலும் பக்கத்துக் கடையில் கிடைக்கும்.

ஆகவே முதல் காராக எடுப்பவருக்கு 2002 முதல் 2004 வரையிலான சி5. சி6-தான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால் தடுக்க மாட்டேன், அந்த இன்ஜினுக்கு அந்த ஈர்ப்பு உண்டு. ஆனால் விற்பவரிடம் மைலேஜ் கேட்பதற்கு முன் ஒரு காகிதம் கேளுங்கள்: எட்டு எக்ஸாஸ்ட் கைடுகளையும் அளந்த பட்டறை ரசீது, ஒவ்வொன்றின் அளவும் எழுதியது. அது இல்லையென்றால் ஹெட் வேலைக்கான பணத்தை விலையில் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த காரைப் பாருங்கள்.