12 வருடம், இரண்டு டீசல் வண்டிகள்

2012 முதல் 2024 வரை என் வீட்டு வாசலில் டீசல் கார்தான் நின்றது. முதலில் மாருதி ஸ்விஃப்ட், அப்புறம் பி.எஸ்.6 என்ற புது மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த ஒரு எஸ்யூவி. முதல் வண்டி என்றால் எனக்கு இன்றும் உயிர், இரண்டாவதை மூன்றே வருடத்தில் விற்றுவிட்டேன்.

2012இல் மதுரையில் மருந்து விற்பனை வேலை. வாரத்தில் நாலு நாள் திருநெல்வேலி, நாகர்கோவில் என்று போய் வரவேண்டும், மாதம் 3,000 கிலோமீட்டருக்குக் குறையாது. அந்த மே மாதம் பெட்ரோல் ஒரே நாளில் லிட்டருக்கு 7 ரூபாய்க்கு மேல் ஏறியது. டீசல் விலை அப்போது அரசு கட்டுப்பாட்டில் இருந்ததால் இரண்டுக்கும் 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். பெட்ரோல் வண்டியைவிட டீசல் வண்டிக்குக் கூடுதலாகக் கொடுத்த லட்சத்துச் சொச்சம் ஒன்றரை வருடத்துக்குள் திரும்பி வந்துவிட்டது.

ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் எஞ்சின், 75 குதிரைசக்தி. எஞ்சின் சுழற்சி நிமிடத்துக்கு 2,000 (ஆர்பிஎம்) தொட்டால்தான், கூடுதல் காற்றைத் தள்ளி இழுவை கொடுக்கும் டர்போ எழும், அதற்குக் கீழே வண்டி தூங்கும். வத்தலக்குண்டு தாண்டி ஐந்து பேரும் பெட்டியுமாகக் கொடைக்கானல் ஏறும்போது, வளைவு வருவதற்கு முன்பே இரண்டாவது கியருக்கு இறக்கிவிட வேண்டும், அது பழகிவிட்டால் ஏசியை அணைக்கவே தேவையில்லை. நாலு வழிச்சாலையில் எண்பதில் போனால் லிட்டருக்கு 22 கிலோமீட்டர் கொடுக்கும், ஊருக்குள் 16.

ஒரே ஒரு தடவை நடுவழியில் நின்றது. மழைக்காலம், வழியில் ஒரு பங்க்கில் டேங்கை நிரப்பிக் கொண்டு கிளம்பி, கோவில்பட்டி வருவதற்குள் வண்டி குலுங்கிக் குலுங்கி அணைந்துவிட்டது. மெக்கானிக் டீசல் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே இருந்ததை ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் காட்டினார். மேலே மஞ்சளாக டீசல், அடியில் மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர். "இது இன்ஜெக்டருக்குப் போச்சுன்னா செலவு தாங்காது சார்" என்றார். டேங்கை இறக்கிக் கழுவியதோடு தப்பித்தேன். டேங்கர் லாரி டீசல் இறக்கும்போது பங்க் தொட்டியின் அடியில் கிடக்கிற தண்ணீர் கலங்கும் என்பதால், லாரி நின்று இறக்கிக்கொண்டிருக்கிற பங்க்கில் அன்றிலிருந்து நான் டீசல் போடுவதில்லை.

2021இல் சென்னைக்கு மாற்றல். டீசலே பழகிவிட்டதே என்று மறுபடி டீசலையே எடுத்தேன், அதுதான் நான் செய்த தப்பு. வீட்டிலிருந்து அலுவலகம் 6 கிலோமீட்டர், பாதி நேரம் சிக்னலில். பி.எஸ்.6 வண்டியில் புகைக்கரியைப் பிடித்து வைக்க டிபிஎஃப் என்று ஒரு ஃபில்டர் உண்டு. அது நிறைந்ததும் கிட்டத்தட்ட 600 டிகிரி சூட்டில் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். அதற்கு வண்டி நிற்காமல் நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும், கிண்டியில் அது எங்கே நடக்கும்? இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிபிஎஃப் நிறைந்துவிட்டது என்று காட்டும் விளக்கு எரியும், ஞாயிறு காலை மகாபலிபுரம் வரை சும்மா ஓட்டிவிட்டு வருவேன். ஒருநாள் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் மேல்கோட்டையும் தாண்டி நிற்கிறது, முகர்ந்தால் டீசல் வாடை. கரியை எரிக்க அதிகப்படியாகத் தெளித்த டீசல், பாதியில் எஞ்சினை அணைக்கும்போதெல்லாம் ஆயிலில் இறங்கியிருக்கிறது. ஆயிலை மாற்றினேன், நாலு மாதத்தில் மறுபடி அதே கதை. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் அப்போது எட்டு ரூபாய்ச் சொச்சம்தான் வித்தியாசம், இத்தனை பாடு எதற்கு என்று 2024இல் கொடுத்துவிட்டேன். மாதம் ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாதவர்கள், அதுவும் நகரத்துக்குள்ளேயே ஓட்டுகிறவர்கள், தயவுசெய்து புது டீசல் வண்டி எடுக்காதீர்கள்.

ஸ்விஃப்ட் இப்போது தென்காசியில் மச்சானிடம் இருக்கிறது, 3 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. டெல்லியாக இருந்தால் அப்போதிருந்த விதிப்படி 2022இலேயே, பத்து வருடத்தோடு ஆயுள் முடிந்திருக்கும், இங்கே 15 வருடம் என்பதால் 2027இல் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காட்டி ஆர்சியைப் (பதிவுச் சான்று) புதுப்பிக்க வேண்டும் என்கிறார். போன மாதம் குற்றாலம் வரை ஓட்டிப் பார்த்தேன், அதே கடகட சத்தம், இரண்டாயிரம் தொட்டதும் அதே இழுப்பு. நிறுத்திவிட்டு, எஞ்சின் ஆறியதும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது ஆயில்.