ஆனைகட்டிப் பக்கம் ஆறு வருஷம்

இந்தப் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் வருகிறார்கள். மலை பச்சையாக இருக்கும், காற்று சிலுசிலுவென்று அடிக்கும், எங்காவது ஒரு மயில் அகவும். நாங்களும் 2019-ல் அப்படித்தான் வந்தோம். சாயங்காலமே ஒரு வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். அதுவரை கோவை சாய்பாபா காலனியில் பதினோரு வருஷம் வாடகை வீடு. நான், கணவர், என் அம்மா. டவுனிலிருந்து ஆனைகட்டி சுமார் 30 கிலோமீட்டர். "இது ஒரு தூரமா?" என்று கேட்டவள் நான்தான்.

தண்ணீர்க் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சிறுவாணி அணை இருப்பது கேரள எல்லைக்கு அந்தப்புறம், அட்டப்பாடி மலையில். டவுனில் இருந்தவரை அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம். மலையடிவாரத்துக்குக் குடிவந்த பிறகு எங்களுக்கு வாய்த்தது போர் தண்ணீர். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, கெட்டிலுக்குள் சுண்ணாம்பு பூத்துக் கிடக்கும். குடிக்கக் கேன் வாங்கினோம். "மலைக்குப் பக்கத்துல வந்து தண்ணிய வெலைக்கு வாங்கற கூத்த எங்கயாச்சும் பாத்திருக்கியா?" என்று அம்மா வாரம் ஒருமுறை கேட்பாள்.

வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிற வேலை எனக்கு. மாதம் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாள். ஒரு ஐப்பசியில் அந்த 20-ஆம் தேதியை நெருங்கும்போது லைன் மேல் மரம் விழுந்து ஒன்றரை நாள் கரண்ட் இல்லை. செல்போனில் கேரள டவர் மட்டும் அரைகுறையாக எடுத்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சின்னத்தடாகம் வந்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மூன்று கம்பெனிகளுக்குத் தாக்கல் செய்தேன். அதன்பின் இன்வெர்ட்டர், இரண்டு கம்பெனி சிம், எதையும் 17-ஆம் தேதிக்குள் முடிப்பது என்று ஆகிவிட்டது. இப்போது கேபிள்காரர் ஃபைபர் இழுத்திருக்கிறார். மழை இல்லாத நாளில் டவுனைவிட வேகம்.

யானையைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டு வேலைக்கு உதவியாக வரும் இருளர் பதி (பழங்குடியினர் குடியிருப்பு) அக்கா முதல் வாரமே சொன்னார்: "அரிசியையும் உப்பையும் சன்னலோரம் வெக்காதீங்க கண்ணு. வாசம் புடிச்சு வந்துரும். பலாவைப் பிஞ்சிலேயே அறுத்துப் போட்டுருங்க." பிஞ்சை அறுக்க மனசு வரவில்லை. ஆனி மாதத்தில் ஒரு ராத்திரி ஒத்தை ஆனை காம்பவுண்டுச் சுவரைச் சாய்த்துவிட்டு உள்ளே வந்தது. விளக்கை அணைத்து மூன்று பேரும் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தோம். பழத்தைத் தின்கிற சத்தம் ஒரு மணி நேரம் கேட்டது, ரொம்ப நிதானமாக. வனத்துறை ஜீப் வந்தபிறகுதான் அம்மா மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

வீட்டு ஓனர் சுவரை மறுபடி கட்டினார், மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை அக்கா சொன்னபடி அந்த இடத்தில் பத்தடி இடைவெளி விட்டார். இன்றுவரை ஆனை அந்த வழியாகவே வந்து போகிறது, ஒரு செங்கல்லைத் தொட்டதில்லை. வீடுதான் அதன் வழியில் குறுக்கே நின்றிருக்கிறது.

எங்கள் வாழ்க்கையை மாற்றியது ஆனைகூட இல்லை, ஆனைக்குப் பயந்து வந்த நேரக்கட்டுப்பாடு. வழியிலுள்ள மாங்கரையிலிருந்து மேலே ஆறு மணிக்குமேல் டூவீலரில் வருவதில்லை என்று முடிவெடுத்தோம். அப்புறம்தான் உறைத்தது, டவுனில் நமக்கு வேண்டியதெல்லாம் ஆறு மணிக்குமேல்தான் நடக்கிறது. நல்ல டாக்டர்கள் கிளினிக்கில் உட்காருவது மாலை ஆறிலிருந்து ஒன்பது. கல்யாண ரிசப்ஷன், பள்ளித் தோழிகள் சந்திப்பு, கச்சேரி எல்லாமே ராத்திரி. பகலில் 30 கிலோமீட்டராக இருந்தது பொழுது சாய்ந்ததும் வேறு ஊராகிவிடும். பழைய கார் ஒன்று வாங்கினோம். வாடகையில் மிச்சம் பிடித்த ஏழாயிரத்தில் முக்கால்வாசி பெட்ரோலுக்குப் போனது.

கடை கண்ணி பெரிய தொந்தரவு இல்லை. ஃப்ரிட்ஜ் மேல் ஒரு பட்டியல், ஒரு தடவை இறங்கினால் பேங்க், மாத்திரை, புடவைக்கு ஃபால்ஸ் என்று நாலு வேலை. கடுகு தீர்ந்தால் கடுகு இல்லாமல் தாளிக்கப் பழகிவிட்டோம். தடாகம் பக்கத்துச் செங்கல் சூளைகளை 2021-ல் மூடியபிறகு லாரியும் புழுதியும் குறைந்து, ரோடும் நிம்மதியாகிவிட்டது. சூளை வேலையை நம்பி இருந்தவர்களுக்கு அது நிம்மதி இல்லை என்பதையும் அதே டீக்கடை பெஞ்சில்தான் கேட்டேன்.

அம்மா விஷயத்தில்தான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன். காலனியில் அவளுக்குக் கீரைக்காரம்மா, கோயில், மாடிப்படியில் உட்கார்ந்து சீரியல் கதை பேச மூன்று பேர். இங்கே பால்காரர் மட்டும். ஐந்து நிமிஷப் பேச்சு அரை மணியாக நீண்டது. கொஞ்ச நாளில் அவர் பாலை கேட்டிலேயே மாட்டிவிட்டு வண்டியைக் கிளப்ப ஆரம்பித்தார். அம்மா எதுவும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து விடிவதற்கு முன்பே கேட்டில் போய் நின்றாள். அதைப் பார்த்தபிறகு என்னால் அந்த அமைதியை முன்போல ரசிக்க முடியவில்லை. 2023-ல் துடியலூரில் என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது செவ்வாயும் வெள்ளியும் ராத்திரி நான் அங்கே தங்குகிறேன்.

இடம் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்கள், சித்திரையும் ஐப்பசியும் அதில் வந்தாக வேண்டும். இந்தப் பக்கத்துப் பல கிராமங்கள் 'ஹாகா' என்கிற மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிக்குள் வருகின்றன. புரோக்கர் அதை மெல்ல முழுங்கிவிட்டு, "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குங்க" என்பார். அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

கணவருக்கு இங்கிருந்து கிளம்ப மனசில்லை. விடியற்காலைக் குளிரையும் சோலைப்பாடிப் பறவையின் குரலையும் விட்டு எங்கே போவது என்கிறார், எனக்கும் பாதி மனசு அப்படித்தான். ஆனால் டவுனுக்குப் பக்கமாக, கணுவாயில் ஒரு வீடு காலியாக இருக்கிறதாம். மலை தெரியும், மாலை டாக்டரைப் பார்த்துவிட்டு ஒன்பது மணிக்கு வீடு திரும்பலாம். புதன்கிழமை பார்க்கப் போகிறோம், ராத்திரி எட்டு மணிக்கு. அம்மாவையும் கூட்டிப் போகிறேன். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று இப்போதே இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.