போனா, இணையமா, தபாலா? அமெரிக்கத் தேர்தல் கருத்துக்கணிப்பில் எதை நம்புவது

சாப்பிடும் நேரத்தில் செல்போன் அதிர்கிறது. தெரியாத நம்பர். எடுக்காமல் கவிழ்த்து வைக்கிறோம். அமெரிக்காவில் கருத்துக்கணிப்பு நடத்துபவர்களுக்குப் பெரிய தலைவலி இதுதான். பியூ ஆய்வு மையம் 1997-இல் போனில் கேட்டபோது நூற்றுக்கு 36 பேர் பதில் சொன்னார்கள். 2018-இல் 6 பேர்.

முதல் வழி மலிவானது: பதிவு செய்த குரலை வைத்து லேண்ட்லைனுக்கு அழைப்பது. செல்போனுக்கு அப்படித் தானாக டயல் செய்ய, அனுமதி வாங்கியிருந்தால் ஒழிய, 1991-இல் வந்த சட்டம் விடாது. 2016 முடிவதற்குள் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் செல்போன் மட்டும்தான் என்று ஆகிவிட்டது. அப்புறம் லேண்ட்லைனில் யார் கிடைப்பார்கள்? பெரும்பாலும் வயதானவர்கள். ஒரு தரப்பிடம் மட்டும் கேட்டால் என்ன ஆகும்? 1936-இல் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை டெலிபோன் டைரக்டரியிலும் கார் பதிவேட்டிலும் இருந்தவர்களிடம் கேட்டு, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களோடு அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன்தான் ஜெயிப்பார் என்றது. அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் அன்றைய 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். எண்ணிக்கை பெரிதாக இருந்து என்ன பயன்?

ஆட்களை வைத்து செல்போனில் பேசுவது இரண்டாவது வழி. நியூயார்க் டைம்ஸும் சியனா பல்கலைக்கழகமும் வாக்காளர் பட்டியலிலிருந்து எண்களை எடுக்கின்றன. 2022-இல் ஒரு முழுப் பேட்டிக்கு இரண்டு மணி நேரம் டயல் செய்ய வேண்டியிருந்தது. செலவு கண்ணைக் கட்டும். ஆனால் எடுக்காதவரின் வயது என்ன, போன தேர்தலில் வாக்களித்தாரா என்பதெல்லாம் பட்டியலிலேயே இருக்கிறது. யார் விடுபட்டார் என்று தெரிவதால் அந்தக் குறையைக் கணக்குப் போட்டு ஓரளவு சரிசெய்யலாம். இந்த வழியின் பலமே அதுதான்.

இணையத்தில் தாமாகச் சேர்பவர்களிடம் சில டாலர் கொடுத்துக் கேட்பது மூன்றாவது. இதை நான் நம்புவதில்லை. இப்படிப்பட்ட ஒரு கணிப்பில் பியூ சோதித்துப் பார்த்தபோது, 30 வயதுக்குக் கீழ் உள்ளவர்களில் 12 சதவீதம் பேர் தங்களிடம் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் ஓட்ட லைசென்ஸ் இருப்பதாகச் சொன்னார்கள்! கேள்வியைப் படிக்காமலே கிளிக் செய்கிறவர்களை எந்தக் கணக்காலும் சரிசெய்ய முடியாது.

நான்காவது பழைய தபால். வீட்டு முகவரிகளிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்துக் கடிதம் அனுப்பி, சேர்ந்தவர்களிடம் பிறகு இணையத்தில் கேட்கிறார்கள். பியூ 2018 முதல் இப்படித்தான் ஆள் சேர்க்கிறது. போனை எடுக்காதவருக்கும் வீட்டு வாசலில் தபால்பெட்டி இருக்கிறதே! குறை என்னவென்றால், ஒரே மாநிலத்தை மட்டும் பிரித்துப் பார்க்கும்போது ஆட்கள் போதமாட்டார்கள்.

நாடு முழுவதன் மனநிலைக்கு என் தேர்வு தபால் வழிதான். பென்சில்வேனியா மாதிரி இழுபறி மாநிலத்துக்கு வாக்காளர் பட்டியலை வைத்துப் பேசும் போன் கணிப்பு. அதிலும் மூன்று நான்கு புள்ளி வித்தியாசத்தை வெற்றி என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். 2020-இல் தேசிய அளவிலான கணிப்புகளின் பிழை 40 ஆண்டுகளில் இல்லாத அளவுக்குப் போனது. போன், இணையம் இரண்டுமே ஒரே பக்கமாகச் சறுக்கின, டிரம்ப்பின் பலத்தைக் குறைத்துக் காட்டி.